மாத்திரையும் மன்றாட்டும்

மனம் தேடிய மருந்து – 9

1794இல் சென்னையில் தொடங்கிய மனநோய் விடுதி பிறகு கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த மருத்துவமனை வருவதற்கு முன்பும் சரி, வந்து இத்தனை காலம் ஆன பிறகும் சரி, கிராமத்தில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் வீட்டார் முதலில் அங்கே போவதில்லை. பேய் பிடித்திருக்கும், யாரோ செய்வினை வைத்திருப்பார்கள் என்று சொல்லி வேப்பிலை அடிப்பார்கள், தாயத்துக் கட்டுவார்கள், பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீரைக் கொடுப்பார்கள். அதிலும் தெளியவில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். திருச்சிக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் இருக்கும் குணசீலம் பெருமாள் கோயில், ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்கா, தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியார் கோயில் ஆகியவை இப்படி நோயாளிகள் வந்து சேரும் இடங்கள். ஏர்வாடியில் தொழுது நிற்பவர்களில் இந்துக்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. குணசீலத்தில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்க வேண்டும். பூஜை முடிந்ததும் அர்ச்சகர் நோயாளியின் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார். ஏர்வாடியில் நாள் கணக்கு இல்லை. அங்கே அடங்கியிருக்கும் இபுராகீம் பாதுஷா கனவில் வந்து உத்தரவு கொடுத்தால்தான் ஊர் திரும்பலாம் என்பது நம்பிக்கை. அந்தக் கனவுக்காகச் சிலர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள்.

இப்படித் தங்குவதால் பயன் உண்டா? இதை அளந்து பார்க்க ஒரு முயற்சி நடந்திருக்கிறது. தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்தில் முத்துசாமி என்பவரின் சமாதிக் கோயில் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ரகுராமும் உடன் பணியாற்றியவர்களும் 2000ஆம் ஆண்டில் அங்கே வந்து தங்கிய 31 நோயாளிகளை, வந்தபோதும் கிளம்பும்போதும் பரிசோதித்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். கோயிலில் மருந்து ஏதும் தரப்படவில்லை. பேயோட்டும் சடங்கும் கிடையாது. காலையில் கால் மணி நேரப் பூஜை. மற்ற நேரத்தில் கோயிலைப் பெருக்குவதும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும்தான் வேலை. கிளம்பும்போது நோய்க்குறிகளின் மதிப்பெண் 52.9இலிருந்து 42.9ஆக இறங்கியிருந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மனநோய் மருந்துகள் பலவும் தருகிற பலன் இந்த அளவுதான் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதை வெளியிட்டது.

31 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். கோயிலுக்கு வராத நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. ஆகவே, கோயிலே போதும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இது எதைக் காட்டுகிறது என்று கவனிக்க வேண்டும். அங்கே நோயாளியை யாரும் பைத்தியம் என்று ஏசுவதில்லை. துணைக்கு அம்மாவோ அண்ணனோ கூடவே இருக்கிறார்கள். இதே துன்பத்தில் இருக்கும் வேறு குடும்பங்களும் பக்கத்தில் இருக்கின்றன. கையில் ஒரு வேலை இருக்கிறது, தங்கச் செலவும் இல்லை. மிரட்டாத, ஆறுதலான இந்தச் சூழலைத்தான் ஆய்வாளர்களும் காரணமாகச் சொன்னார்கள். புறநோயாளிப் பிரிவில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதும் மருத்துவரால் இதைத் தர முடியாது.

இந்தச் சூழல் கெட்டால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி காட்டிவிட்டது. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்கள் பெருகியிருந்தன. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அவற்றில் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இத்தகைய விடுதிகளுக்கு உரிமம் வேண்டும் என்ற 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதே இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. தீக்குப் பிறகுதான் அரசு காப்பகங்களை மூடி, 500க்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. உச்ச நீதிமன்றமும் தானாக முன்வந்து வழக்கை விசாரித்தது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை விதிக்கிறது.

தர்காவையே மூடிவிடலாம் என்ற குரலும் அன்று எழுந்தது. மூடினால் மக்கள் இன்னொரு தர்காவுக்குப் போவார்கள். குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில் வேறு வழி கண்டார்கள். தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவரை உட்கார வைத்தார்கள். துஆ ஓதும் தர்காப் பணியாளர்களான முஜாவர்களே நோயாளியை அவரிடம் அனுப்பி வைத்தார்கள். ‘தவா-துஆ’ எனப்படும் இந்தத் திட்டம், அதாவது மருந்தும் மன்றாட்டும், பிறகு ஏர்வாடிக்கும் வந்தது. மனநல மருத்துவமனை என்றாலே ஊர் என்ன சொல்லுமோ என்று கூசும் குடும்பம், தர்காவுக்கு வந்த இடத்தில் மாத்திரை வாங்கிக்கொள்ளத் தயங்குவதில்லை. ஓதுபவரே போகச் சொன்னால் மருந்தின் மேலும் நம்பிக்கை வருகிறது.

ஆனால் மன்றாட்டு மட்டும் போதாது. நேர்த்திக்கடனுக்காக ஊர் ஊராக அலைந்து சிகிச்சையைத் தள்ளிப் போட்டால் மனச்சிதைவு முற்றும். விரதம் என்று மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அடங்கியிருந்த நோய் திரும்பும். லித்தியம் என்ற மனநோய் மருந்தைச் சாப்பிடுகிறவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். விரதம் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கோயிலுக்குப் போங்கள், தர்காவுக்கும் போங்கள். மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். எங்கேயாவது மனநோயாளி ஒருவரைக் கட்டி வைத்திருப்பதைக் கண்டால், அது சட்டப்படி குற்றம் என்று சொல்லுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

(தொடரும்)