சூலமும் மின்னலும்

கணினியின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் உள்ள துளைகளை, வடிவத்தைக் கொண்டே இன்னது இன்னதற்குரியது என்று தெளிந்துவிடக்கூடிய காலம் ஒன்று இருந்தது. 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் புகுத்திய வி.ஜி.ஏ. துளையில் 15 பின்கள் கொண்ட மானிட்டர் கேபிளைத் தவிர வேறெதுவும் நுழையாது. மவுஸுக்கும் கீபோர்டுக்கும் ஒரே மாதிரியான வட்டத் துளைகளே வாய்த்திருந்தபடியால் நேர்ந்த குழப்பத்தையும், மவுஸுக்குப் பச்சை, கீபோர்டுக்கு ஊதா என்று நிறம் விதித்து, மைக்ரோசாஃப்டும் இன்டெலும் வகுத்த பி.சி. 99 நெறிமுறை நீக்கிவிட்டது.

இவ்வளவு ரகங்கள் எதற்கு என்ற கேள்விக்கு விடையாக 1996-இல் வந்ததுதான் யு.எஸ்.பி. இன்டெல் நிறுவனத்தில் அதை உருவாக்கிய குழுவை நடத்திய அஜய் பட், பரோடாவில் பொறியியல் பயின்றவர். அதன் சின்னமாகிய மூன்று கிளைச் சூலத்தின் முனைகளில் வட்டம், முக்கோணம், சதுரம் என வெவ்வேறு உருவங்கள் இருப்பது, பலவகைச் சாதனங்களும் ஒரே வாயிலில் வந்து கூடும் என்பதற்கு அறிகுறி என்று பொருள் சொல்வதுண்டு. அந்தச் சூலத்துக்கு வேறொரு பிரயோசனமும் உண்டு: மடிக்கணினியில் செருகும்போது, கேபிளின் தலையில் பொறித்த சூலம் மேல்நோக்கி இருந்தால், பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே அது உள்ளே போய்விடும். எப்படித் திருப்பினாலும் நுழையும்படி முதலிலேயே செய்திருக்கலாகாதா என்றால், ஒயர்களும் செலவும் இரட்டிக்கும் என்பதாலேயே அதைக் கைவிட்டதாக பட் அவர்களே விளக்கியிருக்கிறார்.

சூலம் மட்டும் தனித்திருந்தால் அநேகமாக அது 2000-ஆம் ஆண்டின் யு.எஸ்.பி. 2.0, வேகம் வினாடிக்கு 480 மெகாபிட். சூலத்தின் அருகே எஸ்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் 2008-இல் வந்த 3.0, வேகம் 5 கிகாபிட். எழுத்து அழிந்துபோயிருந்தாலும் துளைக்குள் உற்றுநோக்கினால், பழையதில் 4 தொடுபட்டைகளும், புதியதில் அவற்றுக்கு முன்னால் சிறியனவாக மேலும் 5-உம் தென்படும். புதியதன் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் நாக்கும் பெரும்பாலும் நீலமாக இருக்கும். 4 கிகாபைட் அளவுள்ள ஒரு படத்தைப் பிரதியெடுக்க முன்னதில் ஏட்டுக் கணக்கிலேயே ஒரு நிமிஷத்துக்குமேல் ஆக, பின்னதில் 10 வினாடிகூட வேண்டியதில்லை. இவ்வளவு தெளிவாக இருந்ததை, அதே 5 கிகாபிட் வேகத்துக்கு 3.1 ஜென் 1 என்றும், பிறகு 3.2 ஜென் 1 என்றும் மறுபெயர் சூட்டிக் கெடுத்தவர்கள், வாங்குபவனை ஒருகணமும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2014-இல் டைப்-சி வந்த பிறகு நிலைமை முற்றும் தலைகீழாயிற்று. 24 பின்கள் கொண்ட இந்தச் சிறிய நீள்வட்டத் துளையில் தலைகீழ் என்ற பேச்சே இல்லை. சார்ஜ் ஏற்றுவதும், மானிட்டரை இணைப்பதும், 40 கிகாபிட் வேகத்தில் தகவல் கடத்துவதும் இதற்குச் சாத்தியம். ஆனால் ஒவ்வொரு துளைக்கும் இவையனைத்தும் சித்தித்திருக்கும் என்று எண்ணுவது தவறு. வடிவம் ஒன்றாகிவிட்டபடியால், முன்னர் வடிவம் சொன்ன செய்தியைச் சொல்லும் பொறுப்பு அருகிலுள்ள கடுகளவுச் சின்னத்தின்மேல் விழுந்துவிட்டது. டி என்ற ஆங்கில எழுத்துக்குள் பி புகுந்தாற்போன்ற சின்னம் இருந்தால், டிஸ்ப்ளேபோர்ட் முறையில் மானிட்டரை இணைக்கலாம். நுனியில் அம்பு முனை கொண்ட மின்னல் தண்டர்போல்ட்டைக் குறிக்கும். அம்பில்லாத மின்னலோ பேட்டரியின் உருவமோ சார்ஜ் ஏற்றுவதைப் பற்றியது; கணினி அணைந்திருக்கும்போதும் அந்தத் துளையிலிருந்து போனுக்கு மின்சாரம் கிடைக்கும் என்பதைச் சில நிறுவனங்கள் இவ்வாறு குறிக்கின்றன. இரண்டு மின்னல்களையும் ஒன்றென்று கொண்டு, விலையுயர்ந்த தண்டர்போல்ட் சாதனத்தை வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை.

துளை சரியாயிருந்தும் கேபிள் கெடுத்துவிடுவது உண்டு. 2023-இல் வெளியான ஐபோன் 15 ப்ரோவின் துளை 10 கிகாபிட் வேகத்துக்கு வல்லது. பெட்டியோடு கிடைத்த கேபிளோ 480 மெகாபிட்டுக்குமேல் போகாது. 2022-இல் யு.எஸ்.பி. அமைப்பு, பெயர்களை விடுத்து, வேகத்தை 5, 10, 20, 40 கிகாபிட் என்றும், கேபிள் தாங்கும் மின்திறனை 60 அல்லது 240 வாட் என்றும் வெறும் எண்ணாகவே பொறிக்கும் முறையை வகுத்தது. நல்ல ஏற்பாடுதான், ஆயினும் சான்று பெற்ற பொருள்களுக்கே அந்த முத்திரை உரியதாகையால், ஒன்றும் பொறிக்காத கேபிளை வாங்குபவர் பெட்டியின் பின்புறத்துப் பொடி எழுத்துகளில் வேகம் எவ்வளவு, வாட் எவ்வளவு என்று தேடிப் படித்துக்கொள்வதே உத்தமம்.