நாலு நெட்வொர்க்குக்கும் ஒரே இ-சிம்: காசு கொடுக்கலாமா?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இப்போது பூக்கடையிலும் மளிகைக் கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. பத்து ரூபாய்க்குக் கருவேப்பிலை, கொத்தமல்லி வாங்குகிறவர்கூட செல்போனைத்தான் நீட்டுகிறார். அரசு ஏட்டில் இதன் பெயர் குபேர் அங்காடி. முன்னாள் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயரைத் தாங்கியிருந்தாலும், ஊர்க்காரர்கள் வாயில் அது என்றைக்கும் பெரிய மார்க்கெட்தான். விடுமுறைக் காலத்தில் இங்கே ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். பாரிஸிலிருந்து வந்திருக்கும் பேரன், பாட்டியோடு மீன் வாங்க வந்திருப்பான். கையில் விலை உயர்ந்த போன், அதில் வெளிநாட்டிலேயே பணம் கட்டிப் போட்டுக்கொண்டு வந்த இ-சிம். சிக்னல் முழுதாகக் காட்டும், ஆனால் காரியம் நடக்காது. ஏதோ ஒரு செயலி இந்திய எண்ணுக்கு ஓடிபி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். கடைசியில் பாட்டியின் சுருக்குப்பைதான் கணக்கை முடிக்கும்.

இந்த ஊருக்கும் பிரான்சுக்கும் போக்குவரத்து என்றும் நின்றதில்லை. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைப்பு முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு வாய்ப்பு தரப்பட்டது. பல ஆயிரம் பேர் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சொத்துப் பத்திரத்துக்கும் வந்துகொண்டே இருக்கிறார்கள். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் தனி. ஆகவே பயண இ-சிம் வாங்கலாமா என்ற கேள்விக்கு இந்த ஊரில் வேலை அதிகம்.

இ-சிம் என்பது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம். அட்டை மாற்ற வேண்டியதில்லை. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் எண்ணும் இணைப்பும் இறங்கிவிடும். உலகச் செல்பேசி நிறுவனங்களின் சங்கமான ஜிஎஸ்எம்ஏ 2016இல் இதற்கான பொதுத் தரத்தை வெளியிட்டது. ஐபோன்களில் 2018இல் வந்தது. 2025இல் வந்த ஐபோன் ஏர் மாடலில் எந்த நாட்டிலும் சிம் அட்டை செருகும் இடமே இல்லை. பிஎஸ்என்எல்லும் அதே 2025இல் தமிழ்நாட்டில் இ-சிம் கொடுக்கத் தொடங்கியது.

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது, எல்லா நெட்வொர்க்கிலும் வேலை செய்யும் என்பது. இது பொய்யல்ல. நம் ஊரில் ஜியோ சிம் போட்டவருக்கு ஜியோ டவர் கிடைக்காவிட்டால், எதிரிலேயே ஏர்டெல் டவர் நின்றாலும் பயனில்லை. 112 போன்ற அவசர அழைப்புக்கு மட்டும்தான் விதிவிலக்கு. வெளிநாட்டு சிம்முக்கோ இங்கே சொந்த டவர் கிடையாது. அது எங்கும் விருந்தாளி. எந்தெந்த இந்திய நிறுவனங்களோடு அதன் கம்பெனிக்கு ரோமிங் ஒப்பந்தம் இருக்கிறதோ, அத்தனை டவரிலும் அது ஏறிக்கொள்ளலாம். உள்ளூர்க்காரருக்கு இல்லாத வசதி ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு இருக்கிறது.

ஆனால் அந்த வசதிக்குப் பூட்டு போட்டிருப்பார்கள். எந்த டவரில் முதலில் ஏற வேண்டும் என்ற வரிசையைப் பயணி தீர்மானிப்பதில்லை. சிம் கொடுத்த கம்பெனி தீர்மானிக்கிறது. எந்த நெட்வொர்க்கில் அதற்குக் கட்டணம் குறைவோ அங்கே போனைத் தள்ளிவிடும். பல திட்டங்களில் இந்தியாவுக்கு ஒரே ஒரு நெட்வொர்க்தான் இருக்கும். பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் அதன் பெயர் மட்டும் இருக்கும். இன்னும் சிலவற்றில் ஹாட்ஸ்பாட் கிடையாது. அளவற்ற டேட்டா என்று விற்பார்கள். தினசரி அளவு தாண்டியதும் படம்கூடத் திறக்காத வேகத்துக்கு இறக்கிவிடுவார்கள். பெரும்பாலானவற்றில் தொலைபேசி எண்ணே இல்லை. கால் வராது, எஸ்எம்எஸ் வராது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பயண இ-சிம்மில் மார்க்கெட்டிலிருந்து அனுப்பும் செய்தி நேராகப் போவதில்லை. அந்த இ-சிம்மின் தாய் நெட்வொர்க் சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ ஐரோப்பாவிலோ இருந்தால், முதலில் அங்கே போய்த்தான் இணையத்துக்குள் நுழையும். ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறவர் ஹாங்காங்கில் இருப்பதாக இணையதளங்கள் நினைத்துக்கொள்ளும். வேகம் தடுமாறும். வெளிநாட்டிலிருந்து திறக்க விடாத சில இந்தியத் தளங்கள் கதவைச் சாத்தும். 2025இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயண இ-சிம்களைச் சோதித்தபோது, சிலவற்றின் டேட்டா பயனருக்குத் தெரியாமலேயே மூன்றாவது நாட்டு நெட்வொர்க்குகள் வழியாக, அதில் சீன நிறுவனம் ஒன்றின் வழியாகவும், போவதைக் கண்டார்கள். வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

விலைக் கணக்குக்கு வருவோம். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு ஜியோவில் 28 நாளுக்குத் தினம் 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் ரூ.299 ஆனது. மொத்தம் 42 ஜிபி. ஒரு ஜிபிக்கு ஏறக்குறைய ஏழு ரூபாய். அதிலேயே அளவில்லாத கால், கூடவே +91 எண். பயண இ-சிம்மில் ஒரு ஜிபியே சில நூறு ரூபாய் ஆகிவிடும். ஒரு மாதம் தங்கிக் கல்யாண வேலை பார்க்கிறவருக்கு இது வீண் செலவு. மூன்று நாள் வந்து மாத்ரிமந்திர் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு அப்படியல்ல.

ஏனென்றால் உள்ளூர் சிம் வாங்குவது லேசான வேலை இல்லை. பாஸ்போர்ட், விசா, போட்டோ, உள்ளூரில் ஒருவரின் விவரம், சில இடங்களில் அவர் எண்ணுக்கு வரும் ஓடிபி. எல்லாம் முடிந்த பிறகும் இணைப்பு உயிர் பெறச் சில மணி நேரம் ஆகலாம். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் இறங்கி ஈசிஆரில் புதுச்சேரிக்கு வருகிறவருக்கு அந்த முதல் நாளில் மேப்பும் வாட்ஸ்அப்பும் வேண்டும். அந்த ஒரு நாளுக்காகக் குறைந்த அளவு பயண இ-சிம் ஒன்றைப் போட்டு வருவது புத்திசாலித்தனம்தான்.

உள்ளூர் சிம் வாங்கும் அலைச்சலுக்குக் குடும்பங்கள் கண்ட குறுக்கு வழி, அத்தை பெயரிலோ மாமா பெயரிலோ ஒரு சிம் வாங்கி வைத்துவிடுவது. பாசத்தால் செய்வதுதான். ஆனால் அந்த சிம்மில் ஏதாவது மோசடி நடந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அத்தை. 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம், ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுவதற்கு மூன்றாண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம் என்கிறது. யார் பெயரில் சிம் இருக்கிறதோ அவரும் பொறுப்பாவார் என்று தொலைத்தொடர்புத் துறை எச்சரித்திருக்கிறது. எழுபது வயது மனுஷியை அந்த இக்கட்டில் நிறுத்தக் கூடாது.

சென்ற முறை வாங்கிய சிம்மை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமே என்றால், அதிலும் சிக்கல். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்ட் எண் துண்டிக்கப்படலாம். கணக்கில் குறைந்தது ரூ.20 இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிப்பார்கள். துண்டிக்கப்பட்டால் அந்த எண் பின்னர் வேறொருவர் கைக்குப் போகலாம். அப்போது அவருக்கு உங்கள் வங்கி எஸ்எம்எஸ் போகும்.

இ-சிம் விற்பவர்கள் மீது அரசுக்கும் சந்தேகம் உண்டு. 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரு பெரிய நிறுவனங்களின் செயலிகள் இந்தியாவில் ஆப்பிள், கூகுள் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. அவர்களின் இணையதளங்களை முடக்கவும் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அனுமதி பெறாமல் விற்கிறார்கள், சைபர் மோசடிக்குப் பயன்படுகிறது என்பது காரணம். இந்தியாவில் வெளிநாட்டு சிம் விற்கத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். வாங்குகிறவரின் பாஸ்போர்ட் விவரமும் பதிவாக வேண்டும். பயணிக்கு இதன் பொருள் எளிமையானது. இங்கே வந்து இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் கடை திறக்காமல் போகலாம். வாங்குவதாக இருந்தால் புறப்படும் முன்பே வாங்கி, போனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பயண இ-சிம்மும் தீர்க்காத விஷயம் ஓடிபி. ரயில் நிலைய இலவச வைஃபைக்கே இந்திய எண் வேண்டும். யூபிஐ செயலி முதன்முதலில் கணக்கோடு இணையும்போது, வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் போயாக வேண்டும். வெளிநாட்டு எண்ணோடு வெளிநாடுவாழ் இந்தியர் யூபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் முதலில் அனுமதித்த 10 நாடுகளில் பிரான்ஸ் இல்லை, பிறகுதான் சேர்ந்தது. புதுச்சேரிக்காரர்களுக்கு வலித்த இடம் அது. 2024 பிப்ரவரியில் ஐஃபல் கோபுரத்தில் டிக்கெட்டுக்கு யூபிஐ வந்தது. பிரெஞ்சு எண்ணை வைத்துக்கொண்டு நம் மார்க்கெட்டில் யூபிஐ செய்யவும் காத்திருக்க வேண்டியிருந்தது.

எதிர்த் திசையில், புதுச்சேரியிலிருந்து பிரான்சில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும் பெற்றோருக்குக் கணக்கு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. பிரான்சில் வாங்கிய சாதாரண சிம்மே ஜெர்மனியிலும் இத்தாலியிலும், நியாயமான அளவுக்குள், அதே விலையில் ஓடும். பாரிஸ் லா ஷாப்பெல் கடைத்தெருவில் இட்லி அரிசி வாங்குவதற்குப் பல நெட்வொர்க் இ-சிம் தேவையே இல்லை. ஆனால் சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் அந்த விதிக்குள் இல்லை. பெர்னில் சித்தப்பா, லண்டனில் மச்சான் என்று பயணம் நீளுமானால், அந்த இரண்டு நாட்டின் பெயரும் பட்டியலில் இருக்கும் இ-சிம்முக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

அப்படிப் போகிறவர்கள் இந்திய சிம்மைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஓடிபி எஸ்எம்எஸ் ரோமிங்கில் பெரும்பாலும் இலவசமாகவே வரும். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வைத்தால் போதும். சிம் போனில் இருந்தால்தான் வாட்ஸ்அப் போன்ற செயலிகள் ஓட வேண்டும் என்று 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டு, 90 நாள் கெடு கொடுத்தது. இரு பக்கமும் போய் வருகிறவர்களுக்காக ஏர்டெல் 2025இல் ரூ.4,000க்கு ஓராண்டுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது: வெளிநாட்டில் 5 ஜிபியும் 100 நிமிடமும், இந்தியாவில் தினம் 1.5 ஜிபி, எண் ஒன்றே. வருடம் ஒரு முறை வந்து போகும் குடும்பத்துக்கு எந்தப் பயண இ-சிம்மைவிடவும் இந்த மாதிரித் திட்டம் பொருந்தும். அத்தையின் பெயரும் தேவையில்லை, எண்ணும் சாகாது.

பல நெட்வொர்க்கின் உண்மையான மதிப்பு தெரியும் இடம் மார்க்கெட் அல்ல, புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து ராணுவம் படகில் வந்து மக்களை மீட்டது. அப்படிப்பட்ட இரவில் ஒரு கம்பெனியின் டவர் படுத்துவிட்டால் இன்னொன்றில் ஏற முடிவது உயிர் காக்கும் வசதி. அதை விலை கொடுத்து வாங்கிய விருந்தாளிக்கு மட்டும் விட்டுவைக்க வேண்டியதில்லை. 2023 ஜூனில் பிபர்ஜாய் புயலின்போது, குஜராத் கடலோரத்தில் எந்த சிம்மும் எந்த டவரிலும் ஏறலாம் என்று அரசு தற்காலிகமாகத் திறந்துவிட்டது. வங்கக் கடலோர ஊர்களுக்குப் புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே அந்தக் கதவு தானாகத் திறக்க வேண்டும்.

மற்றபடி, வாங்கும் முன் திட்டத்தின் அடிக்குறிப்பில் பார்க்க வேண்டியவை: இந்தியா என்ற பெயருக்கு எதிரே எத்தனை நெட்வொர்க், ஹாட்ஸ்பாட் உண்டா, வேகம் எந்த அளவுக்கு மேல் இறங்கும், டேட்டா எந்த நாட்டு வழியாகப் போகும். காஷ்மீருக்கும் போகிறவர் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம்களே அங்கே வேலை செய்வதில்லை. நெட்வொர்க் பெயரைச் சொல்லாமல் எல்லாம் என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தத் திட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.