காஞ்சியில் குடக்கூலி வீடு

நகரங்களுள் காஞ்சியே சிறந்தது என்று முன்னோர் சொல்லிப் போனார்கள். சொன்னவர்கள் அங்கே குடக்கூலிக்கு வீடு தேடியவர்களாக எனக்குத் தோன்றவில்லை. மாற்றல் உத்தரவைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு, 15 நாளில் ஜாகை பிடித்தாக வேண்டுமென்று அலைந்த பள்ளிக்கூட உபாத்தியாயனான எனக்கு அந்நகரின் சிறப்பு வேறு விதமாகவே விளங்கிற்று.

காஞ்சி ஓர் ஊர் அன்று. பெரிய காஞ்சி என்றும் சின்னக் காஞ்சி என்றும் இரண்டு ஊர்கள். ஏகாம்பரநாதர் கோபுரத்துக்கும் வரதராஜப் பெருமாள் கோபுரத்துக்கும் இடையே சாலை வழியாகச் சுமார் 3 மைல் இருக்கும். இவை போதாவென்று மேற்கே பிள்ளையார்பாளையம். வேகவதிக்கு அப்பால் சமணர் கோயிலுள்ள திருப்பருத்திக்குன்றம். தெற்கே பாலாற்றை நோக்கி ஓரிக்கை, செவிலிமேடு. இவற்றுள் எதில் குடியேறுவது?

என் தாயார் சின்னக் காஞ்சி என்றார். காலையில் எழுந்து நாலடி நடந்தால் சந்நிதி. அண்ணாதுரை வாழ்ந்த இல்லம் நினைவில்லமாக நிற்பதும் அப்பகுதியிலேதான். தெருக்கள் அகலமானவை, திண்ணைகள் சிலவாவது பிழைத்திருக்கின்றன. ஆனால் வைகாசிக் கருடசேவை வந்துவிட்டால் வீடு நம்முடையதல்ல, உறவினருடையது. 1979-க்குப் பின் 2019-இல் அத்தி வரதர் குளத்திலிருந்து எழுந்தருளிய 48 நாட்களில், அங்கே குடியிருந்தோர் தம் வீட்டு வாசலுக்கு வருவதற்கே காவல் தடுப்புகளைத் தாண்ட வேண்டியிருந்ததாம். அடுத்த முறை 2059-இல். அதற்குள் எனக்கு இன்னும் எத்தனை மாற்றலோ!

அங்கே நாங்கள் வீடு எடுக்காததற்குக் காரணம் திருவிழா அன்று. ஒரு வீட்டுக்காரர் அறைகளைக் காட்டுமுன் எங்கள் குலத்தையும் சமையலையும் பற்றி விசாரித்தார். வாடகை எவ்வளவென்று நான் கேட்டதற்கு விடையே வரவில்லை. சுதந்திரம் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்பும் ஓர் உபாத்தியாயனுக்கு இந்தப் பரீட்சை நடக்கிறது. தாயாரே, "வாடா, போகலாம்" என்று எழுந்துவிட்டார்.

பெரிய காஞ்சியின் ராஜ வீதிகளில் சகல சௌகரியமும் உண்டு: பஸ் நிலையம், கடைவீதி, வைத்தியர். முகூர்த்த மாதங்களில் காந்தி சாலைப் பட்டுக் கடைகளுக்கு வரும் கார்களின் ஊதல் ஓசையும் உண்டு. வாடகையோ என் சம்பளத்தைப் பார்த்துச் சிரித்தது.

ஆகவே பிள்ளையார்பாளையம் போனோம். கைலாசநாதர் கோயிலை அடுத்த நெசவாளர் பகுதி அது. விடியற்காலையில் தெருவிலே பாவு விரித்துக் கஞ்சி தடவிக் கொண்டிருந்தார்கள். மூன்று சேலைக்கு ஒரு பாவு என்பது வழக்கம். ஏறக்குறைய 60 அடி நீளத்தை எந்த வீட்டுக்குள் நீட்டுவது? அங்கே தெருவும் வீட்டின் ஓர் அறைதான். அகலம் குறைந்து நீளம் மிகுந்த வீடுகள். முன்கூடத்தில் குழித்தறி, கோர்வைக் கரைக்கு ஒரு தறியில் இருவர் அமர வேண்டும், அதற்கப்பால்தான் சமையலும் படுக்கையும்.

முதலில் பார்த்த வீடு எல்லோருக்கும் பிடித்தது. புதுச் சுண்ணாம்பு, விசாலமான கூடம், வாடகையும் ஏற்றதே. தரையில் ஓரிடத்தில் மட்டும் சிமெண்டு வேறு நிறமாயிருந்தது. என்னவென்று என் மகள் கேட்டாள். "தறிப்பள்ளம்மா. மூடிட்டேன்" என்றார் வீட்டுக்காரர். இரண்டு தறி வைத்திருந்த குடும்பம் அங்கே குடியிருந்ததாம். 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில் மோட்டார் ஆலைகள் பெருகியபின், மாதச் சம்பளக்காரர்கள் இவ்வளவு தூரம் வந்து வீடு கேட்கிறார்கள்; தறிக்காரர் கொடுப்பதைவிட அதிகம் கொடுக்கிறார்கள். "உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் சார் மூடினேன்" என்று அவர் மரியாதையாகவே சொன்னார். அந்த மரியாதை என்னைச் சுட்டது. அந்த வீட்டை நாங்கள் எடுக்கவில்லை. அதனால் பள்ளம் மறுபடி திறந்துவிடப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

முடிவில் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப் பகுதி கிடைத்தது. கீழே தறி. குழந்தையின் படிப்பு என்னாவது என்று என் மனைவி கவலைப்பட்டாள். ஒரு மாதத்தில் சத்தம் பழகிவிட்டது. ஐப்பசி மழையில் அது திடீரென்று நின்றபோதுதான் கீழே இறங்கிப் பார்த்தோம். பள்ளத்தில் நீர் ஊறியிருந்தது. ஈரத்தில் பட்டு நெய்ய இயலாது. நெய்யாத நாளுக்குக் கூலி இல்லை. வாடகை மட்டும் உண்டு.

"நீங்க வீடு பார்க்கும்போது எத்தனை ரூம்னு கேட்பீங்க சார். நாங்க, பள்ளம் தோண்ட விடுவாங்களா, மழைத் தண்ணி ஏறுமான்னு கேட்போம்" என்றார் கீழ் வீட்டுப் பெரியவர். பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறார். கையில் எழுத்து ஒன்றும் இல்லை, எல்லாம் வாய்ப் பேச்சு. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. எனக்கு ஒப்பந்தம் கேட்டு வாங்கத் தெரிந்தது. அவருக்கு, கேட்டால் "காலி செய்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

அவர் சம்மதத்தின்பேரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து அவருக்கு ஒன்று எழுதினேன். வாடகை, காலம், முன்பணம் எல்லாம் வழக்கம்போல. "கூடத்திலுள்ள தறிப்பள்ளத்தைக் குத்தகைக் காலம் முடியுமட்டும் மூடலாகாது" என்று ஒரு வரி மட்டும் கூடுதல். வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கிறோம். மற்ற வரிகளுக்கெல்லாம் தலையசைத்தவர், அந்த வரிக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தை பிறக்கட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.