நாடி பார்க்க இரட்டைக் கையுறை எதற்கு? எச்.ஐ.வி. குறித்த செவிலிய மாணவர்களின் மனப்பான்மையும் பெங்களூரு ஆய்வுகளும்

பெங்களூரு: நாடி பிடிக்கவும் உடல் வெப்பம் பார்க்கவும் கையுறை தேவையில்லை என்பது செவிலியர் படிப்பின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் பாடம். தொடுவதால் எச்.ஐ.வி. பரவாது என்பதும் பாடநூலில் உண்டு. ஆயினும் கட்டிலில் படுத்திருப்பவர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர் என்று தெரிந்த கணமே இந்தப் பாடங்கள் பலருக்கு மறந்துவிடுகின்றன. இந்த மறதி எவ்வளவு பரவலானது, அதை மாற்ற இயலுமா என்ற இரு கேள்விகளுக்கும் விடை தேடிய குறிப்பிடத்தக்க ஆய்வுகள் பெங்களூரில் நடைபெற்றுள்ளன.

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியா எக்ஸ்ட்ராண்ட் தலைமையிலான குழு, மும்பையிலும் பெங்களூரிலும் 305 மருத்துவர்கள், 369 செவிலியர்கள், 346 வார்டு பணியாளர்கள் ஆகியோரிடம் நேர்காணல் நடத்தியது. அதன் முடிவுகள் 2013ஆம் ஆண்டில் சர்வதேச எய்ட்ஸ் சங்கத்தின் ஆய்விதழில் வெளியாயின. இரத்தம் உள்ளிட்ட உடல் திரவங்கள் மேலே படும் வாய்ப்பு மிகுந்த பணிகளில், தொற்றுள்ளவர்களை வேறுபடுத்தியே நடத்துவோம் என்று மருத்துவர்களில் 89 சதவீதத்தினரும் செவிலியர்களில் 88 சதவீதத்தினரும் வார்டு பணியாளர்களில் 73 சதவீதத்தினரும் கூறினர்.

இதை அச்சத்தின் விளைவு என்று ஓரளவு புரிந்துகொள்ள முடியும். அதே ஆய்வின் அடுத்த எண்ணிக்கையே நம்மை நிறுத்துகிறது. திரவம் படும் வாய்ப்பு குறைவாக உள்ள சூழல்களிலும் அவ்வாறே நடப்போம் என்று மருத்துவர்களில் 57 சதவீதத்தினர், செவிலியர்களில் 40 சதவீதத்தினர், வார்டு பணியாளர்களில் 71 சதவீதத்தினர் தெரிவித்தனர். பாலுறவு வழியாகவோ போதை ஊசி வழியாகவோ தொற்று பெற்றவர்களுக்கு 'வேண்டியதுதான் கிடைத்தது' என்ற கருத்தை, பிரிவுக்குப் பிரிவு வேறுபட்டாலும், 50 முதல் 83 சதவீதத்தினர் வரை ஏற்றனர். தொற்றுள்ள பெண்கள் குழந்தை பெறுவதைத் தடை செய்யலாம் என்றோர் 55 முதல் 80 சதவீதம்.

கடைசியாகச் சொன்னதற்கு மருத்துவ அடிப்படை இல்லை. சிகிச்சை ஏதுமின்றித் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை இருக்கலாம் என்றும், உரிய சிகிச்சையால் அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆக, இங்கே பேசுவது அறிவியல் அன்று, தீர்ப்பு. இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக 1986ஆம் ஆண்டில் சென்னையில், பாலியல் தொழிலாளர்களிடமிருந்து எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகளில்தான் கண்டறியப்பட்டது. அன்று தொட்டே நோயின் பெயரோடு ஒழுக்கம் பற்றிய தீர்ப்பும் ஒட்டிக்கொண்டது. வெள்ளைச் சீருடை அணிந்தவர்களும் அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர்களே.

மாணவர்கள் ஏன் முக்கியம்?

செவிலியர் கல்லூரிகள் மிகுதியாக உள்ள மாநிலங்களுள் கர்நாடகம் ஒன்று. பெங்களூரில் மட்டும் கேரளம், தமிழ்நாடு, வடகிழக்கு மாநிலங்கள் எனப் பல பகுதிகளிலிருந்து வந்த மாணவர்கள் பயில்கின்றனர். படிப்பு முடிந்ததும் நாட்டின் பல மருத்துவமனைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்பவர்கள் இவர்கள். இங்கே கற்றுக்கொண்ட பழக்கம் அவர்களுடனேயே பயணிக்கும்.

அந்தப் பழக்கம் வகுப்பறையில் மட்டும் உருவாவதில்லை. மூத்த செவிலியர் ஒருவர் குறிப்பிட்ட ஒரு கட்டிலை மட்டும் ஒதுக்கிப் போடுவதையும், நோயாளியின் கோப்பில் தனி அடையாளம் இடுவதையும், மருந்து மாத்திரையைக் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டு நகர்வதையும் பயிற்சிக்கு வந்த மாணவி பார்க்கிறார். யாரும் அவருக்கு இதைப் பாடமாகச் சொல்வதில்லை. ஆனால் தேர்வுக்குப் படித்ததைவிட இதுவே மனத்தில் ஆழப் பதிகிறது.

தொற்றுள்ளவர்களுடன் பழகும் வாய்ப்பு குறைவாக இருப்பது, பரவும் விதம் குறித்த தவறான எண்ணங்கள், பழி சுமத்தும் போக்கு ஆகியவை பாகுபாட்டுடன் தொடர்புடையவை என்று 2013ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. இவை அனைத்தும் மாற்றத்தக்கவை என்பதே அதன் முக்கியச் செய்தி.

அதன் தொடர்ச்சியாக, பெங்களூரு புனித ஜான் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து அக்குழு ஒரு பயிற்சியை வடிவமைத்து, செவிலிய மாணவர்களிடமும் வார்டு பணியாளர்களிடமும் சோதித்தது. அதன் பெயர் 'திருஷ்டி'. பார்வை என்னும் பொருளில் வைத்த பெயர். தமிழ் வாசகருக்கோ கண்ணேறுதான் முதலில் நினைவுக்கு வரும். அதுவும் இங்கே பொருந்தாமலில்லை. எச்.ஐ.வி. பற்றிய செய்திகளை மொழிபெயர்க்கும்போது நாம் வழக்கமாக எழுதும் 'களங்கம்' என்ற சொல், கறை நோயாளியின் மேல் இருப்பதாகத் தொனிக்கிறது. கறை பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது என்பதை இந்தப் பெயர் இன்னும் சரியாகச் சொல்கிறது.

பயிற்சி நீண்டதன்று. டேப்லெட் கருவியில் இரு அமர்வுகள். அதன்பின் நேரில் ஒரு குழு அமர்வு. அந்தக் கடைசி அமர்வை நடத்தியவர்களுள் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் ஒருவரும் இருந்தார் என்பது கவனத்துக்குரியது. தொற்றுள்ள ஒருவரை நோயாளியாக அன்றிப் பயிற்றுநராக மாணவர்கள் சந்தித்தனர். பயிற்சி பெறாத குழுவினருடன் ஒப்பிட்டபோது, பயிற்சி பெற்றவர்களிடம் தவறான எண்ணங்களும், கட்டாயப்படுத்தும் நடவடிக்கைகளுக்கான ஆதரவும், பாகுபாடு காட்டும் எண்ணமும் கூடுதலாகக் குறைந்திருந்ததாக 2020ஆம் ஆண்டில் வெளியான முடிவுகள் தெரிவித்தன. எண்ணம் குறைந்தது என்பதும் வார்டில் நடத்தை மாறியது என்பதும் ஒன்றல்ல. ஆனால் எண்ணம் மாறாமல் நடத்தை மாறுவதும் அரிது.

அச்சத்தின் உண்மையான அளவு

மாணவர்களின் அச்சத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்குவதும் நியாயமாகாது. ஊசி குத்துவது நடக்கக்கூடியதே. தொற்றுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம், ஆயிரம் முறை குத்தினால் மூன்று. தடுப்பூசி போடாத ஒருவருக்கு அதே வழியில் ஹெபடைடிஸ் பி பரவும் வாய்ப்பு 30 சதவீதம் வரை செல்லலாம். இருந்தும் ஹெபடைடிஸ் பி நோயாளியைக் கண்டு வார்டில் எவரும் அவ்வளவு நடுங்குவதில்லை.

அறுவை சிகிச்சைக்கு வரும் அனைவருக்கும் கட்டாயப் பரிசோதனை வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு ஆய்வில் 90 முதல் 99 சதவீதத்தினர் கூறியிருந்தனர். அது தரும் பாதுகாப்பு முழுமையானதன்று. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் பரிசோதனையில் அது தென்படாமல் போகலாம். முடிவு 'இல்லை' என்று வந்ததை நம்பிக் கவனக்குறைவாக இருப்பவருக்கே ஆபத்து அதிகம். ஆகவேதான் எந்த நோயாளியின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்ற பொது முன்னெச்சரிக்கை வகுக்கப்பட்டது. அது ஆளைப் பார்ப்பதில்லை, செய்யும் வேலையைப் பார்க்கிறது. எல்லோருக்கும் இரத்தம் எடுக்கும்போது கையுறை. எவருக்கும் நாடி பார்க்கும்போது கையுறை இல்லை.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதன் விலை பெரிது. நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் இத்தொற்றுடன் வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. ஏ.ஆர்.டி. மாத்திரையை நாள்தோறும் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. அந்த நிலையை அடைய அவர் மருத்துவமனைக்குத் தொடர்ந்து வர வேண்டும். ஒருமுறை அவமதிக்கப்பட்டவர் அடுத்த முறை வேறு மருத்துவமனையில் தன் நிலையை மறைப்பார், அல்லது வராமலே இருந்துவிடுவார்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்கிறது. ஒப்புதல் இன்றிப் பரிசோதிப்பதையும் அனுமதிப்பதில்லை. 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் மருத்துவ நிறுவனங்களில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. தொற்று அபாயத்துடன் பணிபுரிவோருக்குப் பாதுகாப்புச் சாதனங்கள், அவற்றைக் கையாளும் பயிற்சி, தொற்றுக்கு ஆளாக நேர்ந்தால் தடுப்பு மருந்து ஆகியவற்றை நிறுவனமே வழங்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது.

ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே பொறுப்பு மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தடுப்பு மருந்தை இயன்றவரை இரண்டு மணி நேரத்துக்குள், தவறினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள்கள் உட்கொள்ள வேண்டும்.