ஜிப்ஸியை உயர்த்துவதற்கு முன்...
குறைந்த செலவில் ஸ்பிரிங், டயர் வேலை: எதை முதலில் செய்வது?

குடகு, சிக்கமகளூர், சக்லேஷ்பூர் காப்பித் தோட்டங்களில் மழைக்காலத்தில் லாரி திணறி நிற்கும் சேற்றில்கூட ஒரு சின்ன வண்டி முக்கி முனகி ஏறிவிடும். அதுதான் மாருதி ஜிப்ஸி.

1985-ல் விற்பனைக்கு வந்த வண்டி இது. 1996-ல் 1300 சி.சி. எஞ்சினுடன் 'ஜிப்ஸி கிங்' ஆயிற்று. 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோனது. ஆனாலும் வண்டிக்கு மவுசு குறையவில்லை. ராணுவ ஏலத்தில் எடுத்தவர்கள், கைமாறி வாங்கியவர்கள், தோட்டத்து வண்டியை ஓட்டிப் பிழைக்கும் நம்மவர்கள் என்று பலர் இன்றும் இதை நம்பியிருக்கிறார்கள்.

பழைய ஜிப்ஸி கைக்கு வந்ததும் பலருக்கும் தோன்றும் முதல் ஆசை, வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போடுவது. மாதச் சம்பளக்காரர் அவசரப்படக் கூடாத இடம் இதுதான்.

எது உயருகிறது?

ஜிப்ஸியின் முன்னும் பின்னும் இருப்பது ஒரே நீளத் தண்டான ஆக்சில். அதில் உருண்டையாகத் தொங்குவது டிஃபரன்ஷியல். காட்டுப் பாதையில் கல் இடிப்பது பெரும்பாலும் அந்த உருண்டையில்தான். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் வண்டியின் உடம்புதான் உயருமே தவிர, அந்த உருண்டை ஓர் அங்குலம்கூட மேலே போகாது. அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி.

டயரால் எவ்வளவு கிடைக்கும்? ஜிப்ஸி கிங்கின் டயர் அளவு 205/70 ஆர் 15. அதன் விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். 215/75 ஆர் 15 போட்டால் விட்டம் 703 மில்லிமீட்டர் ஆகும். உயர்வில் பாதிதான் ஆக்சிலுக்குக் கிடைக்கும். அதாவது 18 மில்லிமீட்டர். 2 சென்டிமீட்டர்கூட இல்லை!

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த டயரைப் போட்டபின் மீட்டர் 60 காட்டினால் வண்டி உண்மையில் 63-ல் ஓடும். 235/75 ஆர் 15 என்றால் 66-ல் ஓடும். எஞ்சினுக்கு இழுவை குறையும். பிரேக்கும் அதிகமாக உழைக்க வேண்டும்.

காசில்லாத வைத்தியம்

சேற்றில் சக்கரம் சுழல்வதற்குக் காரணம் பெரும்பாலும் உயரக் குறைவு அல்ல, பிடிப்புக் குறைவு. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து மண்ணைப் பிடிக்கும். 18 பவுண்டு வரை இறக்கி மெதுவாக ஓட்டலாம். 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் ஆபத்து உண்டு. தார் ரோட்டுக்கு வந்ததும் பழைய அளவுக்குக் காற்றடித்தே தீர வேண்டும். அதற்குக் காலால் மிதிக்கும் ஒரு பம்பு போதும்.

ஸ்பிரிங் கட்டு

2023-ல் வந்த ஜிம்னியில் இருப்பது சுருள் ஸ்பிரிங். ஜிப்ஸியில் நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங்தான். வயதான வண்டியில் பட்டைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு குலுக்கல் எலும்பை எண்ணும். கட்டைப் பிரித்து, துரு சுரண்டி, கிரீஸ் தடவி, ரப்பர் புஷ்களை மாற்றினாலே பாதி நோய் தீரும். கூடவே யூ போல்ட்டையும் சென்டர் போல்ட்டையும் பார்த்துவிடுங்கள்.

தொய்ந்த பட்டையைப் பட்டறையில் வளைத்துத் தருவார்கள். பதம் தெரிந்தவரிடம் கொடுங்கள். பதம் தவறினால் சீக்கிரமே மறுபடி தொய்ந்துவிடும். எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரை மாற்றுவது வீண் செலவல்ல. சக்கரம் குதிக்காமல் தரையில் நின்றால்தான் பிடிப்பு கிடைக்கும்.

சொகுசுக்காக ஒரு பட்டையைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. ஒருவர், இருவர் போகும் வண்டிக்குப் பரவாயில்லை. பின்னால் ஆறு பேரை ஏற்றுகிற தோட்டத்து வண்டிக்கு அது கூடவே கூடாது. நீளமான ஷாக்கிள் போட்டு உயர்த்துவது மலிவான வழிதான். ஆனால் ஷாக்கிள் 2 அங்குலம் நீண்டால் வண்டி 1 அங்குலம்தான் உயரும். அதற்கே ஸ்டியரிங் அலைபாயத் தொடங்கலாம். உயர்ந்த வண்டி வளைவில் சாயவும் செய்யும். சார்மாடி, சிராடி மலைப்பாதைகளில் இது விளையாட்டல்ல.

டயர் வாங்கும்போது

ஜே.சி. ரோட்டிலோ சிவாஜிநகர் குஜிரியிலோ மலிவாக டயர் தேடுகிறவர்கள் அதன் பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகி வெடிப்பு விட்டிருந்தால் வேண்டாம். தினமும் தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஆழப் பட்டன் கொண்ட சேற்று டயர் தேவையில்லை. அது இரைச்சல் போடும். ஈர ரோட்டில் வழுக்கும். இரண்டுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் போதும்.

சட்டமும் உண்டு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. ஆர்.சி. புத்தகத்துக்கு மாறாக வண்டி இருந்தால் விபத்து நேரும் நாளில் இன்சூரன்சிலும் தகராறு வரலாம். ஆகவே வண்டியை உயர்த்தவோ டயர் அளவை மாற்றவோ நினைத்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, வரிசை இதுதான்: முதலில் காற்று, அடுத்து புஷ், கிரீஸ், பிறகு ஷாக் அப்சார்பர், அதன்பின் அதே அளவில் நல்ல டயர். இந்த நான்கையும் முடித்தபிறகும் வண்டி ஏறாத மேடு இருக்கிறதா? அப்போது உயர்த்துவதைப் பற்றி யோசிக்கலாம். அநேகமாக அதற்குத் தேவை வராது.