திறந்த கதவும் திரும்பாதவர்களும்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பெற்றது 2019 நவம்பர் 26-ஆம் நாள். புதிய மாவட்டத்திற்கு நான்கு மாதம் நிறைவதற்குள் கொரோனா என்னும் கொள்ளைநோய் நாட்டைப் பற்றிக்கொண்டது. 2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் தடையுத்தரவு. மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையம் முதல் கல்வராயன் மலையின் கடைக்கோடிக் குடியிருப்பு வரை பேருந்து நின்றது, பள்ளி மூடப்பட்டது, சந்தை கலைந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் வந்த உயிர்ப்புப் பெருவிழாவைக் குருக்கள் வெறுமையான ஆலயங்களில் நிறைவேற்றினர். இறைமக்களோ இல்லத்திலிருந்தே செபித்தனர்.

கதவை அடைத்த நாள் நம் அனைவருக்கும் நினைவிருக்கிறது. திறந்த நாள் எது என்று கேட்டால் உடனே விடை கூற இயலாது. ஏனெனில் அது ஒரே நாளில் நிகழவில்லை. சிலருக்கு இன்னும் நிகழவேயில்லை என்பதுதான் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி.

தேதிகள் மாறிய காலம்

வழிபாட்டுத் தலங்களை 2020 ஜூன் 8 முதல் திறக்கலாம் என்றது மத்திய அரசு. தமிழகத்தில் அன்று திறக்கவில்லை. ஜூலை 1 முதல் ஊரகப் பகுதிகளில், ஆண்டு வருவாய் 10,000 ரூபாய்க்குக் குறைந்த சிறு ஆலயங்களுக்கு மட்டும் இசைவு கிடைத்தது. செப்டம்பர் 1-இல் பேராலயங்களும் திறந்தன. 2021 ஏப்ரல் 26-இல் மீண்டும் அடைத்தோம்; ஜூலை 5-இல் திறந்தோம். ஆகஸ்டு மாதத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களும் மூட ஆணை வந்தது. அக்டோபர் 14-இல் அது நீங்கிற்று. 2022 சனவரியில் அதே மூன்று நாள் தடை மறுபடியும் வந்து, அம்மாத இறுதியில் நீங்கியது. வாரத்தில் நான்கு நாள் திறந்து, ஞாயிறன்று அடைத்திருக்கும் ஆலயம் நமக்குத் திறந்த ஆலயம் ஆகுமா?

பள்ளிகளின் கதையும் அவ்வாறே. 2020 நவம்பர் 16-இல் உயர் வகுப்புகளைத் திறப்பதென அறிவித்த அரசு, நவம்பர் 9-இல் பெற்றோரை அழைத்துக் கருத்துக் கேட்டது. பின்னர் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினர் 2021 சனவரி 19-இல்தான் பள்ளி சென்றனர்.

இவ்வாறு தேதிகள் மாறிக்கொண்டிருக்க, முடிவெடுக்கும் சுமை குடும்பத் தலைவர்மேல் விழுந்தது. கூலி வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. நியாயவிலைக் கடையில் தந்த 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் எத்தனை நாளைக்குப் போதும்? வேலைக்குப் போனாலோ, நோயை வீட்டிற்குக் கொணர்ந்து முதிய தாய்க்குக் கொடுத்துவிடுவோமோ என்ற அச்சம். 2020 ஏப்ரல் இறுதியில் சென்னைக் கோயம்பேடு சந்தையில் நோய் பரவி, மே 5-இல் அச்சந்தை மூடப்பட்டது. அங்கே சுமை தூக்கிப் பிழைத்த நம் பகுதி மக்கள் கிடைத்த வண்டியேறி ஊர் திரும்பினர். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் நோயாளர் தொகை சில நாட்களிலேயே பெருகிற்று. பிழைக்கச் சென்று மீண்டவர்களைச் சொந்த ஊரே அஞ்சி நோக்கியது.

வர வேண்டாம் என்றோம்

ஆலயத்தைத் திறந்தபோது விதிகளும் உடன் வந்தன. முகக்கவசம், ஆறடி இடைவெளி, தீர்த்தத் தொட்டியில் நீரின்மை, பாடகர் குழுவுக்குத் தடை. நாவிலேயே நற்கருணை வாங்கிப் பழகிய முதியோர், கையில் வாங்கத் தயங்கி நின்றனர். 65 வயதைக் கடந்தோர், 10 வயதுக்கு உட்பட்டோர், கருவுற்ற தாய்மார், வேறு நோயுடையோர் ஆகியோர் வீட்டிலேயே இருப்பது நலம் என்று மத்திய அரசின் நெறிமுறை கூறிற்று.

இவ்விதியில் பிழையில்லை. 1576-ஆம் ஆண்டு மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, அந்நகரின் பேராயர் புனித சார்லஸ் பொரோமேயு தெருச் சந்திகளில் பீடங்களை அமைத்து, மக்கள் தம் வீட்டிலிருந்தவாறே திருப்பலி காணச் செய்தார். எளியவரைக் காக்கும் பொருட்டு விலகியிருப்பதும் அன்பின் செயலே. அத்தகைய விலகலை விசுவாசக் குறைவு என்று எவரும் பழிக்கலாகாது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வர வேண்டாம் என்பதைப் பீடத்திலிருந்தும் ஒலிபெருக்கியிலும் பன்முறை அறிவித்தோம். இனி வரலாம் என்பதை அவர்கள் வீட்டுக்குச் சென்று சொன்னவர் யார்? விதிகள் தளர்ந்தன, அச்செய்தி திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டியின் செவியை எட்டவில்லை. இரண்டாண்டில் அவருடைய கால்கள் தளர்ந்தன. கூட்டத்தைக் கண்டால் அஞ்சும் மனமும் வந்துவிட்டது. தொலைக்காட்சித் திருப்பலியோடு அவர் அமைதி கொண்டார். நாமும் அமைதி கொண்டோம். அத்தகைய ஒளிபரப்பு நேரில் பங்கேற்பதற்கு ஈடாகாது என்பதை, வழிபாட்டுப் பேராயத்தின் அந்நாளைய தலைவர் கர்தினால் இராபர்ட் சாரா 2020 ஆகஸ்டு 15 நாளிட்ட மடலில் உலக ஆயர்களுக்கு நினைவூட்டினார். நடக்க இயலாதவருக்கு இந்நினைவூட்டல் மட்டும் போதாது. அவரிடம் நாம்தாம் செல்ல வேண்டும்.

கண்ணீர் காயாத இல்லங்கள்

திரும்பாதவருள் துயருற்ற குடும்பத்தாரும் உளர். நோயால் இறந்தவரின் முகத்தைப் பலர் காணவில்லை. மந்திரிப்புத் திருப்பலி இல்லை. ஊரார் கூடி அழவில்லை. 2020 ஏப்ரல் 19-இல் சென்னையில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிசை அடக்கம் செய்யச் சென்றவர்கள் தாக்கப்பட்டதை நாடறியும். அவர் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைக்கு மாற்ற நீதிமன்றம் இசைவளித்தது 2021 மார்ச்சில்தான். நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் முன்னாள் பேராயர் அந்தோணி ஆனந்தராயர் ஆண்டகை அவர்களையும் 2021 மே 4-இல் இந்நோய்க்குப் பலிகொடுத்தோம். முறையாக அழ வாய்க்காத துயரம் எளிதில் ஆறுவதில்லை. இறைவன்மேல் மனத்தாங்கலுடன் ஒதுங்கியிருப்போரை, ஞாயிறு கடனை மறந்தவர் என்று தீர்ப்பிடல் தகாது.

வகுப்பறைக்கு மீளாத பிள்ளைகள்

ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் திறந்தன. 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பிலிருந்த குழந்தை, அன்று மூன்றாம் வகுப்பில் போய் அமர்ந்தது. அரிச்சுவடியோ பாதியில் நின்றிருந்தது. கல்வித் தொலைக்காட்சி இருந்தது. கைப்பேசி வகுப்பும் இருந்தது. மலைக்குடியிருப்பில் கைப்பேசிக்கு அலை கிடைக்க வேண்டுமே! இக்குறையை ஈடுசெய்ய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கப்பட்டது. ஆயினும் அந்த இடைவெளியில் மரவள்ளிக் காட்டிற்கும் செங்கற்சூளைக்கும் கூலியாய்ப் போன சிறுவன், கையில் காசு கண்டபின் புத்தகத்தைத் தொடுவானா? அவசரமாக மணமுடித்து அனுப்பப்பட்ட சிறுமி மீண்டு வருவாளா? பள்ளியின் கதவு திறந்ததனால் மட்டும் இவர்களுக்கு ஏதும் திறந்துவிடவில்லை.

எட்டாம் நாள் வந்தவர்

உயிர்ப்புக் காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று ஆண்டுதோறும் வாசிக்கப்படும் நற்செய்தியை நினைவுகூருங்கள். 2020 ஏப்ரல் 19-இல் ஆளில்லா ஆலயங்களிலும் அதுவே வாசிக்கப்பட்டது. சீடர்கள் அச்சத்தால் கதவுகளை அடைத்துக்கொண்டிருந்தனர். அடைத்த கதவு ஆண்டவருக்குத் தடையாகவில்லை. உள்ளே வந்து அமைதியை அருளினார். அன்று ஒருவர் மட்டும் அங்கில்லை. அவரே நம் மண்ணில் மறைசாட்சியாக மரித்த புனித தோமையார். வராதவர் அவருடைய குற்றம் என்று ஆண்டவர் விட்டுவிட்டாரா? இல்லை. எட்டு நாள் கழித்து அந்த ஒருவருக்காகவே மறுபடியும் வந்தார்; ஐயத்தைக் கடிந்து தள்ளாமல் காயத்தைக் காட்டினார். பங்குச் சமூகம் கற்க வேண்டிய பாடம் இதுவன்றோ?

நாம் செய்யத்தக்கவை

ஒவ்வொரு பங்கிலும் குடும்பப் பதிவேடு இருக்கிறது. அன்பியப் பொறுப்பாளரும், மரியாயின் சேனையினரும், வின்சென்ட் தே பவுல் சபையினரும் அதை எடுத்துவைத்துக்கொண்டு, 2020-க்கு முன் வந்து, பின் வராதவர் யார் யார் என்று பெயர் பெயராகப் பார்க்கட்டும். ஏன் வரவில்லை என்று கேட்பதற்காக அன்று, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்காக அவர்களை நாடிச் செல்லட்டும். முதல் வெள்ளிதோறும் நற்கருணை பெற வேண்டிய முதியோர் பட்டியலைப் புதுப்பித்துப் பங்குத்தந்தையிடம் அளிக்கலாம். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறை மந்திரிப்பின்போது, அந்நாட்களில் சடங்கின்றி அடக்கம் பெற்றோரின் பெயர்களை உரக்க வாசித்து, உறவினருடன் சேர்ந்து செபிக்கலாம். பள்ளியை விட்ட பிள்ளையின் பெற்றோரிடம் ஊர்ப் பெரியவர் ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து சென்றால் பயன் விளையும்.

அன்புள்ள பெற்றோரே, அடைபட்ட அந்த மாதங்களில் நம் இல்லங்கள் ஆலயமாயின. செபமாலை மாலைதோறும் ஒலித்தது. ஆலயம் திறந்த பிறகு அவ்வழக்கம் எத்தனை வீடுகளில் நின்றுபோயிற்று! அதை மீண்டும் தொடங்குங்கள். தொடங்கும் மாலையிலேயே, உங்கள் தெருவில் இன்னும் திரும்பாத ஒருவர் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.