படைப்பாளியின் கருத்தும் இசை நுகர்வும்: இஸ்ரேலிய அரங்குகளில் வாக்னர்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இசைப்படைப்பை அதனை ஆக்கியவரின் கருத்துகளிலிருந்து பிரித்து நுகர முடியுமா என்னும் வினா பெரும்பாலும் படைப்பாளியின் குற்றத்தை அளக்கும் வினாவாகவே கையாளப்படுகிறது. ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் படைப்புகள் இஸ்ரேலிய அரங்குகளில் எதிர்கொண்ட நிலையை முன்வைத்து, அவ்வினா படைப்பாளியைவிடக் கேட்போரையும் களத்தையுமே மிகுதியாகச் சார்ந்திருப்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வாக்னர், யூத வெறுப்பு, இசை நுகர்வு, கேட்போர், களம், இஸ்ரேல்.

முன்னுரை

நூலுக்குரிய சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை முதலாவதாக வைக்கிறது நன்னூல். அதே வரிசையில் கேட்போரும் பயனும் இடம்பெறுகின்றன. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உளர் என அந்நூல் குறிப்பிடுகிறது. நூலின் பாயிரத்துக்காகச் சொல்லப்பட்ட இவ்விலக்கணத்தை இசைக்கு அப்படியே பொருத்துவது பொருந்தாது. ஆயினும் ஒரு படைப்பை அறிமுகப்படுத்த ஆக்கியோன் மட்டும் போதாது என்னும் அதன் பார்வை இங்குப் பயன்படும். கலைஞரின் கொள்கை பற்றிய இன்றைய விவாதங்கள் ஆக்கியோனிடமே நின்றுவிடுகின்றன. ‘அவர் எத்தகையவர்?’ என்று கேட்கப்படும் அளவுக்கு, ‘யார் கேட்கிறார்கள்? எங்கே கேட்கிறார்கள்?’ என்பன கேட்கப்படுவதில்லை.

வாக்னரின் எழுத்து

வாக்னர் (1813–1883) தம் யூத வெறுப்பை மறைத்துவைத்தவர் அல்லர். 1850இல் லைப்சிக் நகரின் இசை இதழொன்றில் ‘இசையில் யூதத்தன்மை’ என்னும் பொருள்பட்ட கட்டுரையைப் புனைபெயரில் வெளியிட்டார். 1869இல் அதனை விரித்துத் தம் சொந்தப் பெயரிலேயே சிறுநூலாக்கினார். ஐரோப்பிய மொழிகளை யூதர் அயலாராகவே பேசுகின்றனர், ஆகவே அவர்களால் போலச் செய்ய இயலுமேயன்றி உண்மையான கலையைப் படைக்க இயலாது என்பது அதன் சாரம். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட மெண்டெல்சோன் அதில் சிறுமைப்படுத்தப்பட்டார். மெயர்பெரும் தாக்குதலுக்கு உள்ளானார். வாக்னரின் ‘ரியென்சி’ 1842இல் டிரெஸ்டன் நகரில் அரங்கேறப் பரிந்துரை செய்து உதவியவர் இந்த மெயர்பெரே என்பது அக்கட்டுரையை வாசிப்போர் மறக்கலாகாத செய்தி.

வாழ்க்கை எழுத்தைப்போல ஒருமுகமாக இருக்கவில்லை. வாக்னரின் இறுதிப் படைப்பான ‘பார்சிஃபல்’ 1882இல் பைராய்ட் அரங்கில் முதன்முறையாக நிகழ்த்தப்பட்டபோது அதனை நடத்தியவர் ஹெர்மான் லெவி. இவர் ஒரு யூத சமயகுருவின் மகன். லெவியைக் கிறித்தவராக்க வாக்னர் முயன்றார், லெவி இணங்கவில்லை, எனினும் நிகழ்ச்சியை அவரே நடத்தினார். இதனைக் கொண்டு வாக்னரை விடுவிப்போரும் உண்டு. ஒரு கலைஞரின் திறமையைத் தமக்குப் பயன்படுத்திக்கொள்வதும் அவருடைய இனத்தை மதிப்பதும் ஒன்றல்ல என்பதால் அவ்வாதம் வலுவற்றது.

கருத்து படைப்புக்குள் புகுந்துள்ளதா?

படைப்பாளி தீயவராயினும் படைப்பு தூயது என்பதே பிரித்து நுகர்தலை ஆதரிப்போர் வழக்கமாக முன்வைக்கும் முதல் வாதம். சொற்களற்ற கருவியிசைக்கு இது ஓரளவு பொருந்தும். வாக்னரிடத்தில் இவ்வாதம் ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கிறது. தம் இசைநாடகங்களின் பனுவல்களை அவரே எழுதினார். கவிதை, இசை, நடிப்பு, காட்சி ஆகிய அனைத்தும் ஒன்றிணைந்த முழுமைக் கலையே தம் குறிக்கோள் என்று கோட்பாடும் வகுத்தார். அதாவது, எதனையும் எதிலிருந்தும் பிரிக்கலாகாது என்று வலியுறுத்தியவரின் படைப்பையே நாம் பிரிக்க முனைகிறோம்.

‘நிபெலுங்கின் மோதிரம்’ தொடரில் வரும் மீமெ, ‘நூரம்பெர்க்கின் பாடற்கலை ஆசான்கள்’ நாடகத்தில் வரும் பெக்மெசர் ஆகிய பாத்திரங்கள் யூதரைப் பற்றிய கேலிச்சித்திரங்களே என்று அடோர்னோ முதலானோர் கருதினர். பனுவலில் எவ்விடத்தும் அவர்கள் யூதர் என்று சொல்லப்படவில்லை என்பது மறுப்போர் வாதம். இப்பூசல் இன்னும் முடிந்தபாடில்லை. முடிந்தாலும் நம் வினா தீராது. ஏனெனில் இஸ்ரேலில் எதிர்ப்புக்கு உள்ளானவற்றுள் பாத்திரங்களே இல்லாத கருவியிசைப் பகுதிகளும் அடங்கும்.

தடை உருவான வகை

யூதர் வாக்னரைத் தொடக்கம் முதலே புறக்கணித்தனர் என்னும் பொதுக்கருத்து வரலாற்றுக்குப் பொருந்தாது. சீயோனிய இயக்கத்தின் நிறுவனரான தியடோர் ஹெர்சல் 1895இல் பாரிசில் ‘யூத அரசு’ நூலுக்கான கருத்துகளை எழுதிய காலத்தில் மாலைதோறும் வாக்னர் இசையில் இளைப்பாறியதையும், அவ்விசைநாடகம் இல்லாத மாலைகளில் மட்டுமே தம் எண்ணத்தின்மீது ஐயம் எழுந்ததையும் தாமே பதிவு செய்துள்ளார். வாக்னரின் யூத வெறுப்புக் கட்டுரை அப்போது நூல்வடிவம் பெற்றுக் கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

ஐரோப்பியக் குழுக்களிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதக் கலைஞர்களைக் கொண்டு பிரானிஸ்லாவ் ஹூபர்மான் பாலஸ்தீனப் பல்லியக் குழுவை 1936இல் அமைத்தார். இதுவே பின்னர் இஸ்ரேல் பில்ஹார்மோனிக் ஆனது. அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று டெல் அவிவில் முதல் நிகழ்ச்சியை நடத்தியவர் அர்துரோ டோஸ்கனினி. நாட்சி ஆட்சியைக் கண்டித்து 1933இல் பைராய்ட் விழாவில் பங்கேற்க மறுத்தவர் இவர். அதே டோஸ்கனினி 1938இல் மீண்டும் வந்தபோது வாக்னரின் ‘லோஹென்கிரின்’ பகுதிகளை இக்குழுவைக் கொண்டே இசைக்கச் செய்தார். வாக்னர் விழாவைப் புறக்கணிப்பதும் வாக்னர் இசையை நடத்துவதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. பைராய்ட் அப்போது ஹிட்லரின் ஆண்டுதோறும் தவறாத வருகைக்குரிய களம். டெல் அவிவ் அகதிகளின் களம். இசை ஒன்றே, களம் வேறு.

1938 நவம்பர் 9, 10 ஆகிய நாள்களில் ஜெர்மனியெங்கும் யூதர் வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன. சில நாள்களுக்குள் நிகழவிருந்த தன் இசை நிகழ்ச்சியிலிருந்து ‘பாடற்கலை ஆசான்கள்’ முன்னிசையை இக்குழு நீக்கியது. இன்றுவரை நீளும் தவிர்ப்பின் தொடக்கம் இதுவே. இதற்கென ஒரு சட்டமும் இயற்றப்படவில்லை. வாக்னரைப் பற்றி அந்த வாரத்தில் புதிதாக எதுவும் தெரியவரவில்லை என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் இறந்து 55 ஆண்டுகள் ஆகியிருந்தன; ஹிட்லர் பிறந்ததே அவர் மறைந்து ஆறாண்டுகளுக்குப் பின்னர்தான். மாறியது கேட்போரின் நிலை.

வதைமுகாம்களில் வாக்னர் இசை எந்த அளவுக்கு ஒலித்தது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. ஆயினும் அவ்விசை அழிவின் அடையாளமாக ஒரு தலைமுறையின் உள்ளத்தில் பதிந்தது. அப்பதிவை நீக்கச் சான்றாதாரங்களால் இயலாது.

மூன்று நிகழ்ச்சிகள்

மும்பையில் பிறந்த பார்சி இசை நடத்துநரான சுபின் மேத்தா, 1981 அக்டோபரில் டெல் அவிவில் நிகழ்ச்சிநிரல் முடிந்தபின் ‘டிரிஸ்டானும் இசோல்டும்’ நாடகத்தின் இறுதிப்பகுதியை இசைக்க முற்பட்டார். கேட்க விரும்பாதோர் வெளியேறலாம் என்று முன்கூட்டியே அறிவித்தார். அரங்கப் பணியாளரும் பேரழிவில் உயிர் தப்பியவருமான ஒருவர் மேடையருகே வந்து தம் உடலிலுள்ள வடுக்களைக் காட்டித் தடுக்க முயன்றார்.

2000ஆம் ஆண்டில் ரிஷோன் லெசியோன் நகரின் பல்லியக் குழு வாக்னரின் ‘சீக்ஃபிரிட் இடில்’ என்னும் பகுதியை இசைத்தது. நடத்திய மெண்டி ரோடான் தாமே அப்பேரழிவில் உயிர் தப்பியவர். ஆகவே, பாதிக்கப்பட்டோர் அனைவரும் ஒரே கருத்தினர் என்று கொள்வதற்கும் இடமில்லை.

2001 ஜூலையில் ஜெருசலேமில் டேனியல் பரென்பாய்ம் பெர்லின் அரசு இசைக்குழுவுடன் நிகழ்ச்சி நடத்தினார். முதலில் திட்டமிட்டிருந்த வாக்னர் இசை எதிர்ப்பினால் மாற்றப்பட்டிருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் அவர் அவையினரை நோக்கி, ‘டிரிஸ்டான்’ முன்னிசையைக் கேட்க விருப்பமா என வினவினார். அரைமணி நேரம் வாதம் நடந்தது. சிலர் கூச்சலிட்டுக் கதவை அறைந்து வெளியேறினர். பெரும்பாலோர் இருந்து கேட்டனர். இஸ்ரேல் நாடாளுமன்றக் குழுவொன்று பின்னர் அவரைப் புறக்கணிக்குமாறு கலை நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. செய்தியாளர் சந்திப்பில் ஒருவருடைய கைப்பேசி வாக்னர் இசையை அழைப்பொலியாக எழுப்பக் கேட்டதே இம்முயற்சிக்குத் தூண்டுதல் என்று பரென்பாய்ம் கூறியுள்ளார். கைப்பேசியில் ஒலிக்கலாம், அரங்கில் ஒலிக்கலாகாதா என்பது அவர் வினா. நயமான வினாதான். ஆனால் அவர் முரண்பாடு என்று கண்ட இடமே விடை இருக்கும் இடம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

கேட்போரும் களமும்

படைப்பாளியின் குற்றமே அளவுகோல் எனின், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் வாக்னரினும் மிகுதியாகத் தவிர்க்கப்பட்டிருக்க வேண்டும். வாக்னர் நாட்சி ஆட்சியைக் காணாதவர். ஸ்ட்ராஸ் 1933 முதல் 1935 வரை அவ்வாட்சியின் இசைத்துறை அமைப்புக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய இசைக்கும் எதிர்ப்பு இருந்தது. 1953இல் அவர் படைப்பை வாசித்தமைக்காக ஜெருசலேமில் வயலின் கலைஞர் ஹைஃபெட்சின் கை இரும்புக் கம்பியால் தாக்கப்பட்டது. எனினும் 1990களுக்குப் பின் ஸ்ட்ராஸ் மீதான தயக்கம் தளர்ந்தது. வாக்னர் மீதான தயக்கம் தளரவில்லை. சோப்பினின் கடிதங்களிலும் யூதரை இழிக்கும் தொடர்கள் உண்டு. அவர் இசையை இஸ்ரேலில் எவரும் தடுக்க எண்ணியதில்லை. குற்றத்தின் அளவுக்கும் தவிர்ப்பின் அளவுக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதையே இவை காட்டுகின்றன.

இஸ்ரேலில் வாக்னர் இசைத்தட்டுகள் விலைக்குக் கிடைக்கின்றன. வீட்டில் கேட்போரை யாரும் வினவுவதில்லை. தனியொருவர் கருத்தை ஒதுக்கி இசையை நுகர்வது அவருடைய உரிமை. அதற்குத் தத்துவ நியாயம் தேடவேண்டிய தேவையும் இல்லை. பொதுநிதி பெறும் அரங்கில் இசைப்பது வேறு செயல். அங்கு ஒரு சமூகம் தன் பெயரால் ஒன்றைச் சிறப்பிக்கிறது. அரங்கின் பின்வரிசையில் இருப்பவருக்கு அவ்விசை தாயின் இறப்பை நினைவூட்டுமாயின், ‘இசையை மட்டும் கேளுங்கள்’ என்று அவரிடம் சொல்லும் தகுதி அந்நினைவு இல்லாதவருக்கு எங்கிருந்து வரும்? பிரித்து நுகர்வதை ஒருவர் தமக்காகச் செய்துகொள்ளலாம். பிறருக்காகச் செய்து தர இயலாது.

இவ்வேறுபாட்டை மேத்தாவும் பரென்பாய்மும் செயலளவில் உணர்ந்திருந்தனர். இருவரும் வாக்னரை நிகழ்ச்சிநிரலுக்குப் பின்னரே வைத்தனர்; இருவரும் வெளியேறும் வாய்ப்பை அளித்தனர். 2018இல் இஸ்ரேல் பொது வானொலி வாக்னர் இசைநாடகத்தின் ஒரு பகுதியை ஒலிபரப்பிவிட்டுக் கேட்போரிடம் மன்னிப்புக் கோரியதையும் இவ்வழியே விளங்கிக்கொள்ளலாம். வானொலி வீட்டுக்குள் ஒலிப்பதுதான். ஆயினும் வீட்டார் தெரிந்தெடுத்த இசைத்தட்டன்று அது. அடுத்து ஒலிக்கப்போவது எது என்று அறியாமலே அவர்கள் அமர்ந்திருக்கின்றனர்.